பூட்டிய தொட்டி

அன்றைக்கும் டிராக்டர் சத்தமில்லாமல்தான் இறங்கிப் போனது. முற்றத்திலிருந்து சந்துக்கு இறங்கும் சரிவில் தம்பி பிரேக்கை விட்டான். கனத்த வண்டி முதலில் தயங்கியது, பிறகு உருண்டது, வேகம் பிடித்தது. கியரில் போட்டு அவன் கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் தரையைத் தேய்த்து ஒரு குலுக்கு குலுக்கின. அவ்வளவுதான். புகைக்குழாயில் ஒரு தும்மல்கூட இல்லை. சந்து திரும்பும் இடத்தில், வழியை அடைத்துக்கொண்டு, வண்டி நின்றுவிட்டது.

எதிரே வந்த பள்ளி வேன் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஏம்பா, டெய்லி இதே இடம்தானா? இங்க ஒரு நிழற்குடை கட்டச் சொல்லவா?" என்றார் வேன் டிரைவர்.

"கட்டுங்கண்ணே. நீங்களே ரிப்பன் வெட்டுங்க."

தம்பி குதித்து இறங்கினான். எஞ்சின் பக்கவாட்டில் இருந்த டீசல் ஃபில்டரின் மேல் திருகை ஸ்பானரால் தளர்த்தினான். கீழே ஒரு பழைய பெயின்ட் டின்னைப் பிடித்தபடி, கட்டைவிரலால் கைப்பம்பை அழுத்தினான். திருகு வழியே நுரை வந்தது. சோப்பு நுரை மாதிரி, குமிழ் குமிழாக. அழுத்த அழுத்த நுரை குறைந்து, கடைசியில் சுத்தமான டீசல் மட்டும் வழிந்தது. திருகை இறுக்கிவிட்டு மேலே ஏறினான். வேன் டிரைவரும் வழியோடு போன இரண்டு பேரும் முதுகு கொடுத்துத் தள்ள, எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது.

சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அந்தப் பெயின்ட் டின்னை என்ன செய்கிறான் என்பதையும் பார்த்தாள். சந்தில் கொட்டவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மூடி போட்டு, சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டான்.

சுற்றும் முற்றும் ஏன் பார்க்க வேண்டும்?

அந்தக் கேள்வி தனக்கு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. அது அவள் வீட்டுக்காரர் கேட்கும் ரகக் கேள்வி.

அவள் வீட்டுக்காரரைச் சந்தில் எல்லோரும் செக்போஸ்ட் என்பார்கள். நூல் மில்லின் வாசலில் அவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையை, சாப்பாட்டுப் பாத்திரத்தை, குடையை விரித்துப் பார்த்து வெளியே விடுவது. வருடக்கணக்கில் அதைச் செய்து செய்து, வீட்டில் மூடியிருக்கிற எதைப் பார்த்தாலும் அவர் கை தானாக அதைத் திறந்துவிடும். விருந்தாளிகள் கொண்டு வரும் பழப்பையைக்கூட வாங்கி வைக்க மாட்டார், பிரித்துத்தான் வைப்பார்.

டிராக்டர் அவருடைய சேமிப்பில் வாங்கியது. மூன்றாம் கை வண்டி. வாடகைக்கு உழ ஓட்டலாம் என்று வாங்கினார். அந்தச் சமயத்தில் தம்பி வேலை பார்த்த லாரியை அதன் முதலாளி விற்றுவிட, அவன் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். "மாப்ளே இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று சாவியைக் கொடுத்தவர் அவர்தான். முதல் சில மாதங்கள் எல்லாம் சுமுகமாகவே போயின. மாமாவும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் கடலை கொறித்தார்கள்.

பிறகு டீசல் குறைய ஆரம்பித்தது.

செக்போஸ்ட் தினமும் மாலையில் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தொட்டியை அளப்பார். அதற்கென்று ஒரு மூங்கில் குச்சி. அதில் கத்தியால் கோடு கோடாகக் கீறியிருந்தார். எஞ்சினுக்கு மேலே நீளவாக்கில் படுத்திருக்கும் தொட்டி அது. மூடி சீட்டுப் பக்கம். குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உழுத நேரத்துக்கு இவ்வளவுதான் செலவாகியிருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. ஈரம் அந்தக் கணக்குக்குக் கீழே நிற்கத் தொடங்கியது.

அன்றிலிருந்து 'மாப்ளே' போய் 'உன் தம்பி' வந்தது. பிறகு 'உன் தம்பி'யும் போய், "டிரைவர் வந்தாச்சா?" என்று கேட்கலானார்.

அதோடு விடவில்லை. வெல்டிங் பட்டறையில் தொட்டிக்குப் புது மூடி செய்வித்தார். கனமான இரும்பு மூடி, அதன் மேல் கொக்கி, கொக்கியில் பூட்டு. சும்மா பூட்டினால் போதாதென்று, லாரி டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் மெத்தை போல வைத்து இறுக்கினார். குழாய் விட்டு உறிஞ்ச முடியாது, நெம்பித் திறக்க முடியாது. சாவி அவர் இடுப்பில். மாலையில் பூட்டைத் திறந்து மூடியைத் தளர்த்தும்போது தொட்டி 'உஸ்' என்று நீளமாக மூச்சு விடும்.

"கேட்டியா?" என்பார் மனைவியிடம், முகம் மலர. "காத்துகூட உள்ள வெளிய போக முடியாது. நம்ம வேலை அப்படி."

அந்த மூடி போட்ட பிறகுதான் வண்டி படுத்த ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் வயலில் இழுவை குறைந்து திணறும். அடுத்த நாள் காலையில் சரிவில் உருட்டினாலும் கிளம்பாது.

செக்போஸ்ட்டுக்கு இதில் மர்மமே இல்லை. "பூட்டு போட்டதும் வண்டிக்குக் காய்ச்சல் வருதுன்னா என்ன அர்த்தம்? பூட்ட எடுக்க வைக்கணும். அதுக்குத்தான் இந்த நாடகம்."

"வண்டி பழசுங்க. அவன் என்ன பண்ணுவான்?"

"பழசுதான். நேத்து வரைக்கும் பழசா இல்லையா?"



மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். சந்தில் அவருக்கு நாசில் அண்ணன் என்று பெயர். எந்த வண்டியாக இருந்தாலும் பானட்டைத் திறப்பதற்கு முன்பே, "நாசில் போயிருக்கும்," என்பார். சைக்கிளைக் கொண்டு போனாலும் அதையேதான் சொல்வார் என்று வேன் டிரைவர் சத்தியம் செய்வார்.

"நாசில்தான்," என்றார் வாசலிலேயே.

"முதல்ல உள்ள வாங்க. அப்புறம் நாசிலுக்குப் போவோம்," என்றார் செக்போஸ்ட். மெக்கானிக்கின் கருவிப்பையை அவர் கண்கள் ஏற்கனவே துழாவிக்கொண்டிருந்தன.

தொட்டியில் தூசி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்த மூடி பானட்டின் மேலேயே கிடந்தது. ஃபில்டரில் காற்றை எடுத்தார், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு முற்றத்துக்கும் சந்துக்குமாகக் காலை முழுக்க ஓட்டிப் பார்த்தார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார். ஒவ்வொரு தடவையும் சரிவில் கொஞ்சம் உருண்டதும் பிடித்துக்கொண்டது.

"நான் சொல்லல? நாசில்."

செக்போஸ்ட் அவரை வழியனுப்பிவிட்டு மூடியைப் போட்டு, ரப்பரைச் சரிபார்த்துப் பூட்டினார். திங்கள் மதியம் வண்டி வயலில் திணறியது. செவ்வாய் காலை சந்து முனையில் நின்றது.

"பாத்தியா? மெக்கானிக் ஏறினா ஓடுது. டிரைவர் ஏறினா படுத்துக்குது," என்றார் செக்போஸ்ட் இரவுச் சாப்பாட்டின்போது, தம்பி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. "இந்த வண்டி ஆள் பாத்துத்தான் மக்கர் பண்ணும் போல."

தம்பி தட்டைப் பார்த்தபடி, "நீங்க ஒரு நாள் ஏறிப் பாருங்க மாமா. உங்களுக்கு மரியாதை குடுக்குதான்னு பாப்போம்," என்றான்.

"வாய் நல்லா ஸ்டார்ட் ஆகுது."

அந்த வாரமே பெயின்ட் டின் அகப்பட்டது. கொட்டகையில் சாக்கு அடுக்குக்குப் பின்னால், மூடி போட்டு, பாதிக்கு மேல் டீசல். செக்போஸ்ட் அதைக் கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். மில் வாசலில் பிடிபட்ட நூல்கண்டை மேஜையில் வைக்கும் அதே நிதானம்.

"இது என்ன?"

"காத்து எடுக்கும்போது வழியறது மாமா. தரையில விட மனசில்லாம பிடிச்சு வச்சேன்."

"பிடிச்சு வச்சது சரி. ஒளிச்சு வச்சது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். "வெளிய வச்சிருந்தா மட்டும் நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"அத நான் சொல்ல வேண்டாம், டின்னே சொல்லுது. ஞாயித்துக்கிழமை வேற டிரைவர் வர்றாரு. பேசியாச்சு."

"என்னன்னு பேசினீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"உள்ளத உள்ளபடி."

உள்ளது என்றால் என்ன? டீசல் திருடுகிறான் என்றா? டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பினால் அது வண்டியை விட வேகமாகப் போகும். 'டீசல் ஆளு' என்று ஒருவனுக்குப் பேர் விழுந்தால் அப்புறம் எந்த முதலாளி அவன் கையில் சாவி கொடுப்பான்? வீட்டை விட்டுப் போவதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்தப் பேரோடு போகக் கூடாது.

ஆனால் அவளால் முழு நெஞ்சோடு வாதாட முடியவில்லை. தம்பி கொஞ்ச நாளாகக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று தாழ்ந்த குரலில் போன் பேசுகிறான். அவள் துணி காயப்போடப் போனால் பேச்சை முறித்துக்கொள்கிறான். அன்று நேராகவே கேட்டாள்.

"யாருகிட்டடா பேசுற?"

"பழைய லாரி ஓனர்கிட்ட. வேற வேலை இருக்கான்னு கேட்டேன்."

"நிஜமா?"

அவன் சிரித்தான். சிரிப்பு நன்றாக இல்லை. "போனத் தரவா? திறந்து பாக்குறியா? மாமா நல்லாத்தான் டிரெய்னிங் குடுத்திருக்காரு."

"என்ன சொன்னாரு அவரு?"

"அக்கா வீட்ட விட்டு ஏன் வர்றேன்னு கேட்டாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை அவள் புது எண்ணெய் டின்னை உடைத்தாள். மனம் வேறெங்கோ இருந்ததால், ஆணியால் மூலையில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுவிட்டுக் கவிழ்த்தாள். எண்ணெய் 'களக் களக்' என்று இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. டின்னின் பக்கத் தகடு 'டொக்'கென்று உள்ளே ஒடுங்கியது. தலையில் அடித்துக்கொண்டு, எதிர் மூலையில் காற்றுக்காக இரண்டாவது ஓட்டை போட்டாள்.

'உஸ்' என்றது டின்.

கையில் சுத்தியலோடு அப்படியே நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் தினமும் மாலையில் முற்றத்தில் கேட்கிறாள்.

செக்போஸ்ட் கூடத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். டின்னையும் ஒரு கிண்ணத்தையும் அவர் முன்னால் கொண்டு போய் வைத்தாள்.

"இத ஊத்துங்க."

"எதுக்கு?"

"ஊத்துங்க, சொல்றேன்."

அவர் சந்தேகத்தோடு டின்னைத் தூக்கிச் சரித்தார். எண்ணெய் நூல் போல இறங்கியது. அவள் மேல் ஓட்டையை விரலால் அடைத்தாள். ஒழுக்கு விக்கி விக்கி நின்றது. விரலை எடுத்தாள், இறங்கியது. மறுபடி அடைத்தாள், நின்றது.

"உங்க டிராக்டர் தொட்டிக்கும் இதான் நடக்குது. பழைய மூடியில ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு, நானே பாத்திருக்கேன். நீங்க ரப்பர் வச்சு அடைச்சிட்டீங்க. உள்ள காத்து போனாத்தான் டீசல் வெளிய வரும். மேல வழியில்லாததால, எங்க ஜாயின்ட் லூசா இருக்கோ அங்கேர்ந்து காத்த இழுக்குது. அதான் தினமும் நுரையா வருது. அன்னைக்கு மெக்கானிக் ஓட்டும்போது மூடி திறந்து கிடந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

செக்போஸ்ட் டின்னைக் கீழே வைத்தார். ஆயுளில் எத்தனையோ டின்களைத் திறந்து பார்த்தவர். எல்லாம் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக.

"இத உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்றார்.

"எண்ணெய் டின்."

"அவன் இல்ல?"

"அவனுக்குத் தெரிஞ்சிருந்தா தினமும் ஊர் சிரிக்க சந்துல நிப்பானா?"

அவர் மேல் ஓட்டையைத் தானே ஒரு தடவை அடைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை லீவு எடுத்துக்கொள்வார். பூட்டு இருக்கும், ஆனால் மூடியில் அவரே ஒரு துளை போடுவார், ஆணி முனை அளவுக்கு மட்டும். நாள் முழுக்க மட்கார்டில் உட்கார்ந்து கூடவே வருவார்.

அப்படியே வந்தார். வயலில் புழுதி பறக்க, ஒரு கையால் மட்கார்டையும் இன்னொரு கையால் அளவுகுச்சியையும் பிடித்துக்கொண்டு அவர் போன கோலத்தை வேன் டிரைவர் வெகு காலம் நடித்துக் காட்டினார். மதியத்துக்கு மேலும் வண்டி திணறவில்லை. மாலையில் பூட்டைத் திறந்தபோது 'உஸ்' வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி சரிவில் பிரேக்கை விட்டான். வண்டி தன் நீளம்கூட உருண்டிருக்காது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். தம்பி சந்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முற்றத்தின் மேல்பகுதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சமதரையில் வண்டியை நிறுத்தினான்.

செக்போஸ்ட்டின் முகத்தில் மலர்ச்சியும் சுணக்கமும் மாறி மாறி வந்தன. "சரி, காத்து விஷயம் ஒத்துக்கறேன். அது என் ரப்பர். ஆனா ரப்பர் வச்சதே டீசல் குறைஞ்சதாலதானே? அது எங்க போச்சு?" சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் பூட்டைத் திறந்து குச்சியை விட்டார். எடுத்துப் பார்த்தார். குச்சியைத் துடைத்து மறுபடி விட்டார்.

"ஏறியிருக்கு," என்றார்.

"என்ன ஏறியிருக்கு?"

"நேத்து சாயங்காலம் அளந்ததுக்கு மேல ரெண்டு கோடு ஏறியிருக்கு!" அவர் குரல் உயர்ந்தது. "திருடினத யாரோ திருப்பி ஊத்தியிருக்காங்க!"

"பூட்டு தொங்குது. சாவி உங்க இடுப்புல. ஆணி ஓட்டை வழியா ஊத்தினாங்களா?" என்றாள் அக்கா.

தம்பி சீட்டிலிருந்து இறங்காமல் தொட்டியைப் பார்த்தான். முற்றத்தின் சரிவைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மாமா, குச்சிய எடுத்துக்கிட்டு வாங்க," என்றான். எஞ்சினை அணைக்காமல் வண்டியை வழக்கமான இடத்துக்கு, மூக்கு சந்தைப் பார்த்து இறங்கும் சரிவுக்கு ஓட்டிப் போய் நிறுத்தினான். "இப்ப அளங்க."

ஈரம் இரண்டு கோடு கீழே நின்றது.

இறக்கத்தில் நிற்கும் வண்டியில் டீசல் முன்பக்கம் ஓடிவிடுகிறது, மூடி பின்பக்கம். பார்த்தாலே தெரிகிற சமாச்சாரம். செக்போஸ்ட் குச்சியைத் துடைத்தார், மறுபடி விட்டார். பிறகு குச்சியைத் திருப்பி அதன் கோடுகளை விரலால் தடவினார். குச்சியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"மொதல்ல மேலதானே நிறுத்துவ? எப்பத்திலேர்ந்து இங்க நிறுத்தற?" என்றார் கடைசியில்.

"பேட்டரி வீக் ஆனதிலேர்ந்து. செல்ப் எடுக்கல. உருட்டி விட்டா ஸ்டார்ட் ஆயிடும்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நல்ல பேட்டரிய வித்துட்டு இத மாட்டினியான்னு கேப்பீங்க."

செக்போஸ்ட் குச்சியைத் தாழ்த்தினார். கேட்டிருப்பார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. "நீ வாசலப் பாத்து நிறுத்தறது ஓடிப்போக வசதியான்னு நினைச்சேன்," என்று முணுமுணுத்தார்.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. புது டிரைவர். ஹெல்மெட்டைக் கழற்றியபடி முற்றத்தை ஒரு நோட்டம் விட்டார். சீட்டில் இருந்தவன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"வணக்கம் சார். வண்டி இதானா? அந்த டீசல் ஆளு போயாச்சா?"

தம்பி எஞ்சினை அணைத்தான். முற்றம் திடீரென்று அமைதியானது. மதிலுக்கு அப்பால் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரின் பக்கெட் சத்தமும் நின்றது.

"அது வந்து... குடும்ப விஷயம். நீங்க கிளம்புங்க, வேலை இல்ல," என்றார் செக்போஸ்ட்.

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

"என்னத்த?"

"அவர்கிட்ட என்ன சொன்னீங்களோ அதுக்குப் பதிலா. உள்ளத உள்ளபடி."

அவர் மனைவியைப் பார்த்தார். கரண்டி இன்னும் அவள் கையில் இருந்தது. மில் வாசலில் அவர் நிற்கிற மாதிரியே நின்றாள்: அசையாமல், பை திறக்கும் வரை வழிவிடாமல்.

"திருட்டு ஒண்ணும் இல்ல," என்றார் புது டிரைவரிடம். பிறகு, அது போதாது என்று தெரிந்து, மதிலுக்கு அப்பாலும் கேட்கிற குரலில், "நான் தப்பா அளந்துட்டேன். இவர் என் மச்சினர். டீசல்ல கைவைக்கிற ஆள் இல்ல. யார்கிட்டயாவது சொல்லியிருந்தா இதையும் சேத்துச் சொல்லிடுங்க," என்றார்.

"யார்கிட்ட சார் சொல்லப் போறேன்?" என்றார் புது டிரைவர். சொல்லியிருந்தார் என்பது அந்த அவசரத்திலேயே தெரிந்தது. ஸ்கூட்டர் திரும்பிப் போயிற்று.

தம்பி இறங்கி வந்து டிராக்டர் சாவியை மாமாவிடம் நீட்டினான். அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"மேல சமதரையில நிறுத்தணும்னா செல்ப் எடுக்கணும். நீங்களே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க மாமா. நான் கிட்ட வரல, அப்புறம் நான் எதையோ கழட்டினேன்னு இருக்க வேண்டாம்."

செக்போஸ்ட் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'கிர்... கிர்...' பிறகு வெறும் 'டக்'. மறுபடி 'டக்'. இறங்கி, பேட்டரியைக் குனிந்து பார்த்தார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார். எதையோ கேட்கப் போகிறவர் போல நிமிர்ந்தார். கரண்டியைப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார். "சட்டைய மாட்டு. பேட்டரிக் கடை திறந்திருக்கும்."

மதியம் இருவரும் புது பேட்டரியோடு வந்தார்கள். அதன் ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ட்டில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, ஈரம் காயாமல் இருந்தது.

"இது யாருக்காக?" என்று கேட்டாள் அக்கா.

"கடைக்காரன் சர்வீஸுக்கு எடுத்தா மாத்திடுவான்," என்றார் செக்போஸ்ட். "மூஞ்சியே சரியில்ல அவனுக்கு."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஸ்பானரைத் தேடிக் கொட்டகைக்குள் போனான்.